மேடைக்குத் திரும்பிய குரல்கள்

வைகை பாயும் சமவெளியில் பங்குனி தொடங்கி ஆடி முடியத் திருவிழாக் காலம். சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அம்மனுக்கோ கறுப்பனுக்கோ விழா எடுப்போர் ஓரிரவையேனும் நாடகத்திற்கென ஒதுக்குவது நெடுநாளைய வழக்கம். அந்நாடகம் பெரும்பாலும் 'வள்ளி திருமண'மாகவே அமையும். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் விடியும் வரை நீளும். தினைப்புனம் காத்த குறமகளை முருகன் மணந்த கதையை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். அவர்கள் விழித்திருப்பது கதைக்காக அன்று, பாட்டுக்காக. அதிலும் சிறப்பாக, முருகனாக வரும் ராஜபார்ட் நடிகர் 'காயாத கானகத்தே' என்னும் பாடலை எடுக்கும் அந்த ஒரு நேரத்துக்காக.

அப்பாடல் தொடங்கியதும் அவையில் மூத்தவர்கள் தலையசைப்பதைக் காணலாம். அவர்கள் செவியில் விழுவது எதிரே நிற்கும் நடிகரின் குரல் மட்டுமன்று. 1945இல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி' திரைப்படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடிய குரல் அதன் பின்னே ஒலிக்கிறது. அதற்கும் பின்னே, இசைத்தட்டில் மட்டும் எஞ்சிய செங்கோட்டை கிட்டப்பாவின் குரல். நடிகரும் இதனை நன்கு அறிவார். மகாலிங்கம் எவ்விடத்தில் மூச்சை நிறுத்தினாரோ அவ்விடத்தில் நிறுத்தி, எங்கே சங்கதியைச் சுழற்றினாரோ அங்கே சுழற்றுகிறார். பிசகினால் அவை முகஞ்சுளிக்கும்.

மேடைக்கென்றே பிறந்த பாடல் ஒன்று தட்டுக்கும் திரைக்கும் சென்று, பின்னர் 'பழைய பாட்டு' என்னும் பெயருடன் தான் பிறந்த மேடைக்கே திரும்பி வந்து, அம்மேடையைத் தன்வயப்படுத்திக்கொண்ட வரலாறு இது. நாடகத் தமிழின் வரலாற்றை எழுதியோர் சுவாமிகளின் காலத்தோடும் பாலர் சபைகளோடும் நின்றுவிடுகின்றனர். திரும்பி வந்த பாடல் மேடைக்கு என்ன செய்தது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

பிற நாட்டு நிகழ்ச்சியொன்றை ஈண்டு ஒப்புநோக்கலாம். அமெரிக்காவில் 1950களில் எழுந்த 'ராக் அண்டு ரோல்' இசை, எல்விஸ் பிரெஸ்லி முதலியோரின் குரலில் தட்டுகள் வழியாகவும் வானொலி வழியாகவும் இளைஞரிடையே பரவியது. அதைக் கேட்டு வளர்ந்தோர் நடுவயதை நெருங்கிய வேளையில் அவ்விசையின் நினைவே மேடைக்குப் பொருளாயிற்று. 1971இல் சிக்காகோவில் அரங்கேறி 1972இல் நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்த 'கிரீஸ்' என்னும் இசை நாடகம், 1950களின் பள்ளி மாணவர் வாழ்வை அக்காலப் பாடல்களின் சாயலில் புதிதாக இயற்றிய பாடல்களால் காட்டியது. 1980 வரை 3,388 முறை அது நிகழ்த்தப்பட்டது. அங்கே தட்டில் பிறந்த இசை, ஏக்கத்தின் தோளேறி நாடகமாயிற்று. மதுரையில் நடந்தது இதற்கு மறுதலை. நாடகத்தில் பிறந்த இசை தட்டாயிற்று, தட்டு ஏக்கமாயிற்று, அவ்வேக்கம் நாடகத்துக்குள் மீண்டும் புகுந்தது. கிரீஸைக் கண்டவர்கள் தாங்கள் காண்பது கடந்த காலத்தின் போலி என்பதை அறிந்தே சுவைத்தனர். வள்ளி திருமணத்தைக் காண்போரோ அதனைப் போலியென்று கருதுவதில்லை. பாடல் தன் வீட்டில்தானே இருக்கிறது!

அவ்வீட்டைக் கட்டியவர் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருக்கு ஒருசாலை மாணாக்கர். நடிகராகவும் ஆசிரியராகவும் பல குழுக்களில் பணியாற்றிய சுவாமிகள் 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். அவ்வாண்டே ஆறு வயதுச் சிறுவனாக அதில் சேர்ந்த தி. க. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை', அச்சபையின் உணவு, உறக்கம், பாடம், தண்டனை அனைத்தையும் நம் கண்முன் நிறுத்தும் அரிய ஆவணம். 1922இல் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என அவர் விட்டுச்சென்ற நாடகங்களே மதுரை வட்டாரத்தின் மேடையை நூறாண்டுக்கு மேல் தாங்கி வருகின்றன.

சுவாமிகளின் பாடல்களைத் தூய மரபின் ஊற்று என்று புகழ்வது இலக்கிய மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டுக்கு வந்த பார்சி நாடகக் குழுக்கள் கொணர்ந்த இந்துஸ்தானி மெட்டுகளும், ஆர்மோனியமும், வண்ணத் திரைச்சீலைகளும் அக்கால மேடையை ஆட்கொண்டிருந்தன. மக்கள் விரும்பிய மெட்டைப் பிடித்து அதில் வெண்பாப் பயின்ற நாவின் தமிழைப் பொருத்தியதே சுவாமிகளின் திறம். கடன் வாங்கிய மெட்டு என்பதால் பாடல் தாழ்ந்துவிடவில்லை. தமிழ்ச் சொல்லின் ஓசை மெட்டின் மீது சவாரி செய்ததேயன்றி அதற்கு அடிமைப்படவில்லை. பின்வந்த திரைப்பாடலாசிரியர் பலருக்கு வாய்க்காத நிமிர்வு இது.

இந்நாடகங்களை நடத்தும் முறையும் தனித்தன்மை உடையது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று மக்கள் வழங்கும் இம்முறையில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் இன்னோர் ஊர். ஒவ்வொருவரும் தனித்தனியே முன்பணம் பெற்றுக்கொண்டு அன்றிரவு மேடையில்தான் சந்திப்பர். ஒத்திகை இல்லை. அனைவரையும் இணைப்பது மனப்பாடமாக உள்ள பாடல் வரிசையும் கதைப்போக்கும் மட்டுமே. ஆகவே சொல்லாடலும், பாட்டின் நீளமும், வாதத்தின் போக்கும் அந்த இரவுக்கே உரியவை. நேற்றைய நாரதர் கேட்ட வினாவை இன்றைய நாரதர் கேட்கமாட்டார். இவ்விடத்தை நினைவில் இருத்திக்கொண்டால் இசைத்தட்டு என்ன செய்தது என்பது விளங்கும்.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா சிறுவனாகவே மேடையேறியவர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் சொல் சென்று சேர வேண்டும். உச்சக் கட்டையில் பாடுவது அந்நாளில் அழகு மட்டுமன்று, தொழிலின் தேவை. அத்தேவையையே கலையாக்கியவர் கிட்டப்பா. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் அவரும் 1920களின் பிற்பகுதியில் இணைந்து நடித்த நாடகங்களில், ஒருவர் எட்டிய உயரத்தை மற்றவர் தாண்டும் போட்டியைக் காணவே கூட்டம் அலைமோதியது. மேடைத் துணை வாழ்க்கைத் துணையுமாயிற்று. 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில், கிட்டப்பா மறைந்தார். தமிழ்ப் பேசும் படம் தொடங்கி ஈராண்டுகளே ஆகியிருந்தன. அவர் திரையில் தோன்றவில்லை. அவருடைய மேடைத் தோற்றத்தைக் காட்டும் அசையும் படம் எதுவும் நமக்கு வாய்க்கவில்லை. எஞ்சியவை தட்டுகள்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே கொள்ளும். அவையின் ஆர்ப்பரிப்புக்கு ஏற்ப விரித்துப் பாடிய பாட்டை, ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆர்மோனியத்தோடும் எதிரே ஓர் இயந்திரத்தோடும், மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியதாயிற்று. விரிவு போயிற்று. எதிரே இருந்தவரை நோக்கிய பாட்டு யாரையும் நோக்காத பாட்டாயிற்று. ஆனால் கிடைத்தது அது ஒன்றே. கிட்டப்பாவை நேரில் கேட்டவர்கள் மறைய மறைய, அந்த மூன்று நிமிடமே கிட்டப்பா என்றாயிற்று. சுருக்கம் மூலமாகவும், மூலம் வதந்தியாகவும் மாறிய கதை இது.

சுந்தராம்பாள் அதன்பின் வெண்ணிற ஆடையே உடுத்தினார். ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே அவர் வேடமேற்றதை இவ்வுறுதியோடு சேர்த்தே நோக்க வேண்டும். அவர் 1980 வரை வாழ்ந்தார், பாடினார். அவர் பாடிய ஒவ்வொரு முறையும் தமிழ்நாடு அவருக்கருகே பாடாத ஒரு குரலையும் கேட்டது. தமிழர் நெஞ்சில் பழம்பாடல் ஏக்கம் என்பது வெறும் இளமை நினைவாக இல்லாமல் ஒரு துக்கமாகவும் படிந்ததற்கு இந்த இருவர் வாழ்வும் ஒரு காரணம் எனலாம்.

சோழவந்தானுக்கு எதிரே வைகையின் தென்கரையில் இருக்கும் ஊரின் பெயரே தென்கரை. டி. ஆர். மகாலிங்கம் பிறந்த ஊர் அது. கிட்டப்பாவின் வழியில் உச்சத்தில் பாடப் பழகிய இவர், 1938இல் ஏ. வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் கண்ணனாகத் தோன்றினார். இசைத்தட்டு வணிகத்திலிருந்து படத்தொழிலுக்கு வந்தவர் மெய்யப்பன். எந்தப் பாட்டு விற்கும் என்பதைக் கடையில் நின்று கற்றவர். 1945இல் அவர் 'ஸ்ரீ வள்ளி'யை எடுத்தபோது மகாலிங்கத்தை முருகனாக்கினார். வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு மனநிறைவு தராமையால் பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பின்னர் சேர்த்தார். ஸ்ரீ வள்ளி பெருவெற்றி பெற்றது. கிட்டப்பா பாடிய பாடல் மகாலிங்கத்தின் பாடலாக மறுபிறவி எடுத்தது.

இதன்பின் நடந்ததற்கு ஒலிபெருக்கிக்காரர்களைச் சாட்சியாக அழைக்க வேண்டும். 1950களுக்குப் பின் கோவில் விழாவென்றால் மரக்கிளையில் கூம்புக் குழாய்களும் பந்தலோரத்தில் இசைத்தட்டுப் பெட்டியும் இன்றியமையாதவை ஆயின. காலையில் சுந்தராம்பாள், மாலையில் மகாலிங்கம். நாடகம் பார்க்க வருவோர் அன்று பகல் முழுதும் அதே பாடலை மகாலிங்கத்தின் குரலில் கேட்டுவிட்டே இரவில் வந்து அமர்ந்தனர். செவியில் அளவுகோல் ஏற்கெனவே நடப்பட்டுவிட்டது. இலங்கை வானொலி பழைய பாடல்களை விடாது ஒலிபரப்பி அந்த அளவுகோலை மேலும் ஆழ ஊன்றியது. அகில இந்திய வானொலியோ 1940 முதல் நாடகத்தின் உயிர்க்கருவியான ஆர்மோனியத்தையே தன் நிலையங்களுக்குள் விடவில்லை. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. படித்தோர் வெறுத்த கருவியும் படித்தோர் ஒதுக்கிய மேடையும் கடல் கடந்த ஒலியையும் திருவிழாக் குழாயையும் நம்பி வாழ்ந்தன.

மேடையில் ஏற்பட்ட மாற்றங்கள் மூன்று திசைகளில் தெரிகின்றன. கட்டையைப் பற்றியது ஒன்று. ஒலிவாங்கி வந்தபின் உச்சத்தில் பாட வேண்டிய தேவை ஒழிந்தது. ஆயினும் ராஜபார்ட் நடிகர்கள் தொண்டை கிழிய உச்சத்திலேயே பாடினர், இன்றும் பாடுகின்றனர். கொட்டகையின் நீளத்துக்காகப் பிறந்த உயரம், கொட்டகை போனபின் 'பழமை'யின் அடையாளமாக நின்றுவிட்டது. அடுத்து, பாடல்களின் தேர்வு. ஓர் இரவில் பாட வேண்டிய சுவாமிகளின் பாடல்கள் பல கைவிடப்பட்டு, தட்டிலும் படத்திலும் இடம்பெற்றவை மட்டும் கட்டாயமாயின. அன்பளிப்பு ரூபாய்த்தாளுடன் மேடைக்கு வரும் துண்டுச்சீட்டு பெரும்பாலும் பழைய திரைப்பாடல் ஒன்றையே கேட்கும். பாகவதர் பாட்டையும் சின்னப்பா பாட்டையும் வள்ளியின் தினைப்புனத்தில் முருகன் பாடுவது இவ்வாறு நேர்ந்தது. புலவர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம். பாகவதரும் சின்னப்பாவும் இம்மேடையின் பிள்ளைகளே என்பதை மறவாதிருப்பது நலம். பி. யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர், எம். கே. தியாகராஜ பாகவதரின் முதற்படமான 'பவளக்கொடி' (1934) அவர் நடித்துவந்த மேடை நாடகமே.

மூன்றாவது மாற்றமே கவலைக்குரியது. பாட்டு நடிகனின் ஆக்கம் என்னும் நிலை மாறி, ஒப்பித்தல் ஆயிற்று. இது எத்தகைய இழப்பு என்பதை உணரத் திருமங்கலத்துக்குச் செல்ல வேண்டும். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ். எஸ். விஸ்வநாததாஸ் முருகனாக வேடமிட்டு அதே வள்ளி திருமணத்தில்தான் நடித்தார். தினைப்புனத்தில் பறவை ஓட்டுவது கதையில் உள்ள நிகழ்ச்சி. மதுரகவி பாஸ்கரதாஸ் அங்கே ஒரு வெள்ளைக் கொக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். விஸ்வநாததாஸ் அக்கொக்குப் பாட்டைப் பாடியபோது, விரட்டப்படும் பறவை எது என்பதை அவையிலிருந்த உழவர் அறிந்தனர். பந்தலோரத்தில் நின்ற காவலரும் அறிந்தனர். பாடியதற்காக அவர் பலமுறை சிறை சென்றார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதனால் அவருடன் சேர்ந்து நடிக்க மறுத்தோரும் உண்டு. அதையும் அவர் தாங்கினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில், மயில் மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் உள்ளது.

அதே நாடகம், அதே தினைப்புனம், அதே முருகன். கிட்டப்பாவின் பாட்டைத் தட்டு உறையவைத்த காலத்திலேயே விஸ்வநாததாஸ் அந்நாடகத்தை நாள்தோறும் உருக்கி வார்த்துக்கொண்டிருந்தார். பழைய வடிவத்துள் அன்றைய சொல்லை வைக்க இடமிருந்தது. விடுதலைக்குப் பின் அந்தக் கொக்குப் பாட்டும் 'பழைய தேசியப் பாட்டு' ஆகிவிட்டது. விழாக்களில் அதைப் பாடுவோர் உண்டு. அதைக் கேட்டு எழுந்து ஓடவேண்டிய கொக்குதான் இல்லை. புதிய கொக்கைக் கண்டு புதிய பாட்டைக் கட்டும் கவிஞர் இம்மேடைக்கு ஏன் பின்னர் வாய்க்கவில்லை? பாஸ்கரதாஸ் நாடகத்துக்கும் தட்டுக்கும், 1931இன் 'காளிதாஸ்' தொடங்கித் திரைக்கும் ஒரே கையால் எழுதினார். அவருடைய நாட்குறிப்புகள் பேரன் ச. முருகபூபதியின் தொகுப்பில் நூலாகியுள்ளன. அவருக்குப் பின்வந்த கவிஞர் திரைக்கோ ஏட்டுக்கோ சென்றனர். மேடையைப் பழம்பாடலின் பொறுப்பில் விட்டுச்சென்றனர். இக்குறையில் நடிகருக்குப் பங்கு சிறிது, கவிஞருக்கே பெரிது.

ஏக்கம் எப்போதும் நகலெடுப்பதில்லை என்பதற்கும் மதுரையே சான்று தருகிறது. இந்நகரில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் பாகவதரின் பாடல்களைப் பாடிப் பழகியவர். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடிய முதற்பாடலில் பாகவதரின் சாயல் வெளிப்படை. அச்சாயலிலிருந்து வெளியேறித் தமக்கென ஒரு குரலை அவர் கண்டடைந்தார். மகாலிங்கமும் சொந்தப் படத் தயாரிப்பில் நொடித்து, 1958இன் 'மாலையிட்ட மங்கை'யால் மீண்டெழுந்தார். ஏழாண்டுகள் கழித்து வந்தது 'திருவிளையாடல்' (1965). தி. க. ச. சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண்வேடமிட்டு வளர்ந்த ஏ. பி. நாகராசன் அதனை இயக்கினார். மதுரைத் தலபுராணக் கதையில், பாட இயலாது கலங்கும் பாணபத்திரராக மகாலிங்கத்தையும், ஔவையாகச் சுந்தராம்பாளையும் அமர்த்தினார். இசை நாடகத்தின் இரு பெருங்குரல்கள் அப்படத்தில் ஒலித்தன. பாடியவை புதிய பாடல்கள். பழைய குரலுக்குப் புதிய சொல் கொடுத்ததனால் அங்கே ஏக்கம் ஆக்கமாயிற்று. 2014இல் வந்த 'காவியத் தலைவன்' படமும் சுவாமிகள் காலத்து நாடக வாழ்வை மீட்டுக்காட்ட முயன்றது. அதன் அரங்கப் பொருள்களிலும் ஒப்பனையிலும் தெரிந்த பழமை, பாட்டுமொழியில் அவ்வளவாகத் தெரியவில்லை.

பழம்பாடல் ஏக்கத்தை முற்றிலும் பழிப்பது நன்றி மறந்த செயலாகும். அது இல்லையேல் திரையரங்கும் தொலைக்காட்சியும் வந்த நாட்களிலேயே இம்மேடை மண்ணாகியிருக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் கலைஞர்களும் ஆர்மோனியக்காரர்களும் அந்த ஏக்கத்தின் கூலியில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். இரவெல்லாம் மேடையில் நிற்பதனாலேயே ஊராரின் இழிசொல்லைச் சுமந்த பெண் கலைஞர்கள், 'சுந்தராம்பாள் பாட்டு' பாடும் அந்தச் சில நிமிடங்களேனும் அவையின் கைகூப்பைப் பெற்றனர். மதுரைத் தமுக்கத்தில் நிற்கும் சுவாமிகளின் சிலைக்கு ஆண்டுதோறும் குருபூசை நாளில் மாலை சூட்டி அதன் முன்னே பாடுவோரும் இக்கலைஞர்களே.

இன்னொன்றும் உண்டு. தட்டு தொடமுடியாத பகுதி ஒன்று வள்ளி திருமணத்தில் இருக்கிறது. நள்ளிரவு கடந்தபின் நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கம் அது. முருகனை மணக்குமாறு நாரதர் வற்புறுத்த, வள்ளி மறுக்க, இருவரும் திருக்குறளையும் திருப்புகழையும் பழமொழியையும் அன்றைய செய்தித்தாளையும் எடுத்து வீசிக்கொள்வர். இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா, பெண்ணுக்குக் கல்வி எதற்கு, கடவுளுக்கு எதற்கு இரண்டாம் மனைவி என வாதம் எங்கும் செல்லும். ஒரு மணி நேரமும் ஓடும். இருவரும் வல்லவராயின் இரண்டு மணி நேரமும் ஓடும். மூன்று நிமிடத் தட்டில் அது அடங்காது.  எவரும் நகலெடுக்க முடியவில்லை. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் மலிவு விலைக்கு விற்ற நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும், பாட்டு இருக்கும் இடத்தில் தர்க்கம் இராது. பாட்டுக்குத் தலையசைத்துவிட்டுக் கண்ணயர்ந்த கிழவர், வள்ளி எழுப்பிய எதிர்வினாவைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவது அந்நேரத்தில்தான்.